வளர்ந்த பிறகு சமஸ்கிருதம்: இணையக் குழுக்களோடு தொடங்குவது எப்படி?

சமஸ்கிருதம் கற்க விரும்பும் பெரியவர்கள் பலர் இலக்கண நூல் ஒன்றை வாங்கி, ராம சப்தத்தை ('ராம' என்ற சொல்லின் வேற்றுமை அட்டவணையை) மனப்பாடம் செய்து, சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். எழுதியதைத் திருத்தவும் பேசினால் பதில் சொல்லவும் ஆள் இல்லாததே காரணம். அந்த ஆட்கள் இணையக் குழுக்களில் இருக்கிறார்கள்.

படி 1: ஒலி

தமிழில் ஒரே 'ப' நிற்கும் இடத்தில் சமஸ்கிருதத்துக்கு நான்கு எழுத்துகள். ப²லம் என்றால் பழம், ப³லம் என்றால் வலிமை. எண்ணை எடுத்துவிட்டால் இரண்டும் பலம்தான். சுலோகப் புத்தகங்கள் 2, 3, 4 என்று எண் இடுவது இதற்காகவே. எண்களோடு நின்றுவிடாமல் தேவநாகரியைக் கற்றுவிடுங்கள். 33 மெய்களில் 25 ஐந்தைந்தாக வர்க்கங்களில் அடங்குகின்றன. நாளுக்கு ஒரு வர்க்கம் போதும்.

பிறகு சில சொற்களைப் படித்து, குரல் பதிவாகக் குழுவில் இட்டு, எந்த ஒலி பிசகுகிறது என்று கேளுங்கள். க², த⁴, ப⁴ போன்ற மூச்சொலிகள்தான் நமக்கு வழுக்கும். பிறர் சொன்னால் ஒழிய நம் செவிக்கு அது தெரியாது. இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள்.

படி 2: பேச்சு

1981-ல் பெங்களூரில் தொடங்கிய சமஸ்கிருதப் பேச்சு இயக்கத்திலிருந்து வளர்ந்தது சம்ஸ்கிருத பாரதி என்ற அமைப்பு. அதன் பாடமுறை தொடக்கத்தில் சுமையைக் குறைக்கிறது. நிகழ்கால வினைக்கு மூன்று இடம், மூன்று எண் என ஒன்பது வடிவங்கள் உண்டு. தமிழில் இல்லாத இருமையும் (இருவரை, இரண்டைக் குறிக்கும் எண்) அதில் அடக்கம். எதிரே இருப்பவரை ப⁴வான் (ஆண்), ப⁴வதீ (பெண்) என்று மரியாதையாக அழைத்தால் படர்க்கை வினையே போதும். க³ச்ச²தி (போகிறார்), க³ச்ச²ந்தி (போகிறார்கள்), க³ச்சா²மி (போகிறேன்), க³ச்சா²ம: (போகிறோம்) என்ற நான்கை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கிவிடலாம்.

தினமும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதி இடுங்கள். பிறர் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தால் மொழி வராது. எது மூத்த மொழி என்ற சண்டை தொடங்கினால் அந்த இழையை விட்டு விலகுங்கள். அங்கே யாரும் எதையும் கற்றதில்லை.

படி 3: வேற்றுமை

இங்கே தமிழ் அறிந்தவருக்குப் பெரிய அனுகூலம். இரண்டு மொழிகளிலும் வேற்றுமை எட்டு, வரிசையும் ஒன்றே. ராமம் என்றால் ராமனை, ராமேண என்றால் ராமனால், ராமாய என்றால் ராமனுக்கு. பள்ளியில் படித்த ஐ, ஆல், கு வரிசையை நினைவில் கொண்டுவந்தால் அட்டவணையில் பாதி பழகியதாகிவிடும்.

பால் மட்டும் நம் வழியில் வராது. மரம் (வ்ருக்ஷ:) ஆண்பால், ஆறு (நதீ³) பெண்பால். அடைமொழியும் பெயரின் பால், எண், வேற்றுமையை ஏற்கும். தொடக்கத்தில் குழுவில் கிடைக்கும் திருத்தங்களில் பல இதைப் பற்றியே இருக்கும்.

படி 4: வாசிப்பு, கேள்வி

ஹிதோபதேசக் கதைகளைப் போன்ற எளிய உரைநடையை எடுங்கள். சந்தி பயமுறுத்தினால், சூர்ய, உதய சேர்ந்து சூர்யோதய ஆவதை யோசியுங்கள். நிலைமொழி வருமொழி நமக்குப் புதிதல்ல. கொலோன் பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிகளில் மோனியர் வில்லியம்ஸ், ஆப்தே இரண்டும் இலவசம். ஆனால் க³ச்ச²தி என்று தேடாதீர்கள், க³ம் என்ற தாதுவின் (வினைவேரின்) கீழ்தான் பொருள் கிடைக்கும்.

அதன் பிறகும் புரியாவிட்டால் கேளுங்கள். முழு வரி, எந்த நூல், நீங்கள் செய்த பதச்சேதம் (சந்தியைப் பிரித்துச் சொற்களைத் தனித்தனியாக எழுதுவது), எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்: இந்த நான்கும் இருந்தால் அறிஞர்களும் நேரம் ஒதுக்கிப் பதில் எழுதுவார்கள். "இதற்கு என்ன பொருள்?" என்று மட்டும் கேட்டால் பொருள் கிடைக்கலாம், வழி கிடைக்காது.

கூடவே, 1974 முதல் ஒலிபரப்பாகும் ஆகாசவாணியின் சமஸ்கிருதச் செய்தியையும் கேளுங்கள். முதலில் ஊர்ப் பெயர்களும் பதவிப் பெயர்களும்தான் பிடிபடும். பிடிபட்டதை எழுதிக் குழுவில் இடுங்கள்; விட்டுப்போன சொற்களைக் கேட்டவர்கள் நிரப்பித் தருவார்கள்.