சிரட்டைக்கரியில் கோழி சுடும்போது

வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியில் கோழி சுடுகிறீர்களா? கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகைதான் கவனிக்க வேண்டியது. அதில் பல்வளைய அரோமாட்டிக் ஐதரோகாபன்கள் எனும் தீங்கான சேர்மங்கள் உருவாகி இறைச்சியில் படிகின்றன. அவற்றுள் பென்சோ-ஏ-பைரீன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதியானது.

தோலையும் கொழுப்பையும் முதலில் நீக்குங்கள். பச்சைச் சிரட்டையைப் போட்டு அவசரப்பட வேண்டாம். கரியாக்கிய சிரட்டையையே எடுத்து, மேலே சாம்பல் பூத்து புகை அடங்கும்வரை பொறுங்கள். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் தகரத் தட்டு வைத்து, இறைச்சியைத் தட்டுக்கு நேர்மேலே அடுக்குங்கள். கொழுப்பு தட்டில் விழும், தணலில் அல்ல. அடுக்குமுன் இறைச்சியை மைக்ரோவேவில் 2 நிமிடம் வைத்து, வடிந்த நீரை ஊற்றிவிட்டு உடனே சுட்டால், தணலில் நிற்கும் நேரமும் குறையும். இறைச்சியின் உள்ளே 74 பாகை செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது. கருகிய ஓரம்தான் ருசி என்பார்கள், வெட்டி எறியுங்கள்.

தீ மூட்ட பொலித்தீன் பையோ மண்ணெண்ணெயோ வேண்டவே வேண்டாம். பாதி எரிந்த கரியைக் கானுக்குள் கொட்டாதீர்கள். கரியோடு வரும் அந்த ஐதரோகாபன் சேர்மங்கள் நீரில் எளிதில் கரையாமல் சேற்றில் ஒட்டி நெடுநாள் கிடக்கும். கதவைத் திறந்தபடி சுட்டால் புகை உங்கள் அறைக்குத்தான் வரும், பக்கத்து வீட்டுக்கும்தான்.