பெயருக்குப் பொருள் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், காசிமேடு பக்கம் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்குப் பொருளும் பூர்வீகமும் பார்த்துச் சொல்லி வருகிறேன். புதிதாக இதில் இறங்கும் இளைஞர்கள், தொடக்கத்தில் நான் செய்ததையே ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, நட்சத்திர எழுத்துக் குழப்பம் எல்லாம் தானே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒலியைப் பிரித்துப் பொருள் சொல்வது

இதற்குத்தான் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காசிமேட்டில் ஒரு குடும்பம். இறந்துபோன தாத்தா சின்னப்பனின் பெயர் பேரனுக்கு வர வேண்டும், ஆனால் காலத்துக்கேற்றதாக இருக்க வேண்டும் என்றார்கள். புதிதாக வந்த பையன் 'சின்ன', 'அப்பன்' என்று பிரித்து, "சித்தப்பா என்று அர்த்தம், வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிட்டான். அவர்களும் பட்டியலில் கிடைத்த ஏதோ ஒரு பெயரைப் பதிந்துவிட்டார்கள்.

தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் சின்னப்பர் என்றால் புனித பவுல். லத்தீனில் பவுலுஸ் என்பதற்குச் 'சிறியவர்' என்று பொருள். ஆங்கில வழக்கில் பால் (Paul) என்று வைத்திருந்தால் தாத்தா பெயர் அப்படியே வந்திருக்கும். பாட்டி பிறப்புச் சான்றிதழை விரித்து, பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அவர் பிறந்ததே ஜூன் 29, ராயப்பர் சின்னப்பர் திருநாள். என்னை ஒருவரும் கேட்கவில்லையே" என்றார்.

அருளப்பனும் இப்படித்தான்: யோவான், எபிரேயத்தில் 'கடவுள் அருள்கூர்ந்தார்'. தேவசகாயம் என்பது லாசர், 'கடவுள் உதவினார்'. நதியாவிலோ நதியே இல்லை. அது ரஷ்ய நதேழ்தாவின் செல்லப்பெயர், பொருள் நம்பிக்கை. மண்ணடியில் ஒரு முஸ்லிம் வீட்டில் அதே பெயர் என்றால் அரபு மூலத்தைப் பார்க்க வேண்டும். பெயரைப் பிரிப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: யார் வைத்தது, எந்தக் கோயில் வேண்டுதல், எந்தத் திருநாள்? பழைய திருமுழுக்குப் பதிவேடு கிடைத்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு பெயருக்கு ஒரே பொருள் என்பது

ஜப்பானியப் பெயரை எந்த எழுத்தில் எழுதினார்கள் என்று தெரியாமல் வாய் திறக்காதீர்கள். யூகி என்ற ஒலிக்கு ஓர் எழுத்தில் பனி, இன்னோர் எழுத்தில் நற்பேறு.

எல்லாப் பெயரிலும் மகத்துவம் தேடுவது

ஐ.நா. பொதுச்செயலராக இருந்த கோஃபி அன்னானின் முதற்பெயருக்கு, கானாவின் அகான் மக்களிடையே, வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் என்று பொருள். அதற்கு மேல் ஒட்டவைக்காதீர்கள்.

கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வது

ஐஸ்லாந்தில் அது பெரும்பாலும் தந்தையின் பெயர். நம் இனிஷியலும் அதுதான்.

அவசரமாகப் பதிவது

பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.