ஆயில் கசிகிறதா? முதலில் அந்தப் பேஸ்ட் டியூபைக் கீழே வையுங்கள்

காணொளி பார்த்துவிட்டுத் தங்கள் பைக்கைத் தாங்களே பிரிக்கும் இளைஞர்கள் இப்போது பட்டறைக்கு நிறைய வருகிறார்கள். ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் பட்டறைகளில் நடந்த அதே கூத்துகளை அவர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஆயில் மூடியைப் போட மறப்பது, டிரெய்ன் போல்ட்டை இறுக்காமலே ஆயில் ஊற்றுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. தரை நனைந்ததுமே அவை புரிந்துவிடும்.

கழுவாமல் தேடுவது

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. எஞ்சின் பக்கவாட்டிலுள்ள மேக்னெட் கவர் நனைந்திருக்கிறது என்று அதைக் கழற்றுவார்கள். உண்மையில் எஞ்சின் உச்சியிலுள்ள டேப்பெட் மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்துபோய் அங்கிருந்து இறங்கி வந்திருக்கும். எஞ்சினை டீசல் ஊற்றிப் பிரஷ்ஷால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைந்திருக்கிறதோ, அங்கேதான் வேலை.

செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்பிராக்கெட் பக்கம் கறுப்பாக அப்பியிருப்பதெல்லாம் கசிவு அல்ல. பாதிக்கு மேல் செயினுக்கு அடித்த எண்ணெய்தான்.

கெட்டியான ஆயிலை ஊற்றிக் கசிவை நிறுத்தப் பார்ப்பது

10 டபிள்யூ 30 கேட்கும் வண்டிக்கு 20 டபிள்யூ 50 ஊற்றினால் கசிவு நிற்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நிற்காது, மெதுவாகச் சொட்டும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. பின்னால் இருப்பது நூறு டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கானது. ஊட்டிக் குளிரில் அதிகாலையில் கிளப்பும் வண்டியில் கெட்டி ஆயில் எஞ்சினின் உச்சியான ஹெட் வரை ஏறத் தாமதமாகும். சென்னை வெயிலில் அது எஞ்சினைக் கொன்றுவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீல் கிழிந்தால் அது மருந்தல்ல. வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ, அதை ஊற்றுங்கள்.

'சிந்தெடிக் ஆயில் போட்டதால்தான் கசிகிறது' என்பது இதன் மறுபக்கம். பழைய வண்டியில் தேய்ந்த சீலின் ஓரத்தைப் பல வருட அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கும். புதிய ஆயில் அதைக் கரைத்ததும் உள்ளே இருந்த ஓட்டை தெரிகிறது. சீலை மாற்றுங்கள்; ஆயில்மேல் பழி வேண்டாம்.

கார் ஆயில்

பெரும்பாலான கியர் பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. காருக்கு அது மைலேஜ். இங்கே கிளட்ச் பிளேட் வழுக்கும். ஜப்பானியர்கள் 1998இல் நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கான ஜாசோ தரக்குறியீட்டைக் கொண்டுவந்ததே இந்தத் தலைவலிக்காகத்தான். கியர் வண்டிக்குக் கேனின் பின்புறம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்பது கிளட்ச் ஆயிலில் நனையாத கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு.

சிலிகான் பேஸ்ட்

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

கிளட்ச் கவரைத் திறக்கிறார்கள். கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் பழைய காகிதப் பேக்கிங் கிழிந்துவிடுகிறது. புதியது நூறு ரூபாய்கூட ஆகாது. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் கடை பூட்டியிருக்கிறது. வீட்டில் ஒரு சிலிகான் டியூப் கிடக்கிறது. மாமியார் வீட்டில் மருமகனுக்கு நெய் ஊற்றுகிற தாராளத்தோடு அதைச் சுற்றிலும் பிழிந்து மூடுகிறார்கள். போல்ட்டை இறுக்க இறுக்கப் பேஸ்ட் வெளியே பிதுங்குகிறது. அதை விரலால் வழித்துவிட்டு, 'இனி ஒரு சொட்டு வராது' என்கிறார்கள்.

வெளியே எவ்வளவு பிதுங்கியதோ, ஏறத்தாழ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அதை யார் வழிப்பது?

உள்ளே பிதுங்கியது காய்ந்து, சூடான ஆயிலில் ஊறி, ஒரு நாள் பிய்ந்து விழும். விழுந்தது பம்ப் உறிஞ்சும் இடத்திலுள்ள சல்லடைக்குப் போகும். 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது. இந்தக் கம்பிச் சல்லடையும், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கோடு சேர்ந்து சுழன்று தூசியை ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் உண்டு. சல்லடை அடைத்தால் பம்ப்புக்கு ஆயில் இல்லை. கீழ்ப்பகுதி தெறிக்கும் ஆயிலில் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். உச்சியில் இருக்கும் ஹெட்தான் முதலில் காயும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் அழுத்த விளக்கும் இருக்காது. 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

பால் ஊற்றும் ஒருவரின் வண்டி அந்தச் சத்தத்தோடுதான் எங்களிடம் வந்தது. வேறொரு இடத்தில் டேப்பெட்டை இரண்டு முறை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணே, ஆயில் மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆயிலில் குறை இருக்காது" என்றார். டிப்ஸ்டிக்கில் பார்த்தேன், அளவு சரியாகவே இருந்தது. எஞ்சினில் ஆயில் போதிய அளவு இருந்தும் ஹெட் வறண்டு கிடந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம் முனைகள் நீலம் பாய்ந்து குழி விழுந்திருந்தன. அவற்றின்மேல் உரசும் ராக்கர் முகங்கள் உரிந்திருந்தன. கிளட்ச் கவரைத் திறந்தால் சல்லடை முழுவதும் சாம்பல் நிற ரப்பர் துணுக்குகள். நூறு ரூபாய்ப் பேக்கிங்கில் முடிந்திருக்க வேண்டியது, சில ஆயிரங்களில் ஹெட் வேலையாக முடிந்தது. வண்டி நின்ற நாட்களில் அவர் வாடகை சைக்கிளில் பால் ஊற்றினார். கசிவா? கடைசி வரை ஒரு சொட்டுக்கூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

பேஸ்ட்டே கூடாது என்று சொல்லவில்லை. பேக்கிங் இல்லாமல் இரண்டு உலோக முகங்கள் நேராகச் சேரும் கிராங்க்கேஸ் (எஞ்சினின் கீழ்க்கூடு) போன்ற இடங்களில் தொழிற்சாலையே பேஸ்ட்தான் போடுகிறது. அங்கேயும் முகத்தைத் தின்னரில் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கி, மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ஆயில் ஓட்டைகளை விட்டு விலகித் தடவ வேண்டும். அது காற்றின் ஈரத்தில் இறுகும் பொருள். பூட்டிய உடனே ஆயில் ஊற்றிக் கிளப்பாமல் ஒரு நாள் விடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் குளியலறைப் பேஸ்ட் அலுமினியத்தை அரிக்கும். எஞ்சினுக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

பேக்கிங் போட்டும் கசிகிறதென்றால் பெரும்பாலும் உலோக முகத்தில் கீறல் இருக்கும். பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியவரின் கைவரிசை அது. ஊறவைத்துப் பிளாஸ்டிக் தகட்டால் எடுக்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். கழற்றும்போது ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்துவிடுங்கள். நீளம் மாறிப் போட்டால் மரை போகும், சில சமயம் கிராங்க்கேஸிலேயே விரிசல் விழும்.

அளவுக்கு மேல் ஊற்றுவது

பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து டிப்ஸ்டிக் பார்த்தால் அளவு தவறும். வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். அதிகமான ஆயில் நுரைத்து, எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டரை நனைக்கும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் இது இன்னும் வேடிக்கை. வாரக்கணக்கில் நின்றால் ஆயில் மெல்லக் கீழே இறங்கி கிராங்க் அறையில் தேங்கிவிடும். டிப்ஸ்டிக் காய்ந்து காட்டும். 'ஆயிலே இல்லை' என்று அரை லிட்டர் ஊற்றிக் கிளப்பினால் பிரீதர் வழியே அத்தனையும் தரைக்கு வரும். அந்த வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

ஊற்றாமலே அளவு ஏறினால், முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், கார்புரேட்டர் வண்டியென்றால் அதில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியைக் கவனியுங்கள். அந்த ஆயிலில் ஓட்டாதீர்கள்.

பிரீதர் குழாய்

மடங்கியோ அடைத்தோ இருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி எல்லாச் சீலையும் தள்ளும். புதுச் சீல் வாங்கும் முன் இதை ஊதிப் பாருங்கள்.

கசிவை நிறுத்தும் திரவம்

வாங்காதீர்கள்.

டிரெய்ன் போல்ட்

வாஷர் ஒவ்வொரு முறையும் புதியது. ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்கினால் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அலுமினிய மரையும் போல்ட்டோடு சேர்ந்து வந்துவிடும். அதன் பிறகு லேத் கடைதான்.