'இன்' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: எங்கே 'இல்லை', எங்கே 'உள்ளே'?

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறம் பெரிய எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' என்றால் 'இல்லை' என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த நான், அதற்குத் 'தீப்பற்றாதது' என்றே பல ஆண்டுகள் பொருள் கொண்டிருந்தேன். ஒருநாள் ரயில்வே கேட்டில் அப்படியொரு லாரிக்குப் பின்னால் நின்றபோதுதான், தீப்பற்றாத பொருளுக்கு எதற்கு எச்சரிக்கை என்று உறைத்தது. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். பொருள் நேர் எதிராக இருந்தது: எளிதில் தீப்பற்றக்கூடியது. பிறகு 'இன்' சொற்களைச் சில வாரங்கள் நோட்டில் எழுதிப் பிரித்துப் பார்த்தேன். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

படி 1: ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 'இல்லை', வலப்பக்கம் 'உள்ளே'. செயலி வேண்டாம், அச்சு அகராதியே போதும் என்பது என் உறுதியான கருத்து. செயலி கேட்ட சொல்லை மட்டுமே காட்டும். அச்சு அகராதியில் ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் அக்கம்பக்கத்தில் நிற்கும். ஒரு சொல்லைத் தேடப்போய் நான்கைப் பார்த்துவிடுவோம்.

படி 2: 'இன்' வேடம் மாறும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எம், பி எழுத்துகளுக்கு முன் அது 'இம்' ஆகும்: இம்பாசிபிள். எல் வந்தால் 'இல்': இல்லீகல். ஆர் வந்தால் 'இர்': இர்ரெகுலர். தமிழருக்கு இது புதிதல்ல. செம்மை என்ற ஒரே சொல்தானே செந்தமிழ், செங்கோல், செஞ்சொல், செம்பொன் என்று வருமொழிக்கு ஏற்ப உருமாறுகிறது? வாய்க்கு எளிதாக இருக்கவே அங்கும் இங்கும் இந்த மாற்றம். புணர்ச்சி என்று நினைத்துக்கொண்டால் விதியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

படி 3: இதுதான் என்னைத் தடுக்கிவிட்ட இடம், நிதானமாகப் படியுங்கள். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'இன்' ஒன்றல்ல, இரண்டு. ஒன்று 'அல்லாத, இல்லாத' என்று மறுக்கும். மற்றது 'உள்ளே, மேலே' என்று இடம் காட்டும். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இம்போர்ட் என்றால் உள்ளே கொண்டுவருவது, அதாவது இறக்குமதி. இன்ஹேல், மூச்சை உள்ளிழுப்பது. பாசனத்தைக் குறிக்கும் இர்ரிகேஷனும் இந்த வகைதான். நிலத்துக்குள் நீர் பாய்ச்சுவது. இர்ரெகுலருக்குப் பக்கத்தில் அதை எழுதிவிட்டு, நான் இரண்டு முறை அடித்துத் திருத்தினேன்.

எப்படிப் பிரித்தறிவது? முன்னொட்டை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் ஒரு பண்பைச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பு: விசிபிள், இன்விசிபிள். முழுச்சொல் ஒரு செயலைச் சொன்னால் பெரும்பாலும் 'உள்ளே'. இனி லாரிக்கு வருவோம். இன்ஃப்ளேமபிளின் வால் 'ஏபிள்'. அதை நீக்கினால் இன்ஃப்ளேம் என்ற வினைச்சொல் கிடைக்கும். தீ மூட்டு என்று பொருள். லத்தீனில் ஃப்ளாமா என்றால் தீச்சுடர். ஆக, தீ மூட்டப்படக்கூடியது. மருத்துவர்கள் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் அதே வேர்தான். தமிழில் அதை அழற்சி என்கிறோம். அழல் என்றாலும் தீதான். இரண்டு மொழிகளும் வீக்கத்தின் எரிச்சலில் நெருப்பையே கண்டிருப்பதை அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

இந்தக் குழப்பம் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும்கூட உண்டு. உயிருக்கே ஆபத்து என்பதால், 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் முன்னொட்டே இல்லாத 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லைப் பயன்படுத்தும்படி வலியுறுத்தியது. நம் ஊர் லாரிகளிலோ பழைய சொல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்றே சொல்லிவையுங்கள்.

படி 4: மறுப்பு என்று தெரிந்த பிறகும் பொருளை அவசரமாக முடிவுசெய்யாதீர்கள். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பே இல்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. நம் 'விலைமதிப்பற்ற' என்ற சொல்லும் அப்படியே கட்டப்பட்டதுதான். இன்ஃபேமஸும் 'புகழ் இல்லாத' ஆகாது. கெட்ட பெயர் எடுத்த என்று பொருள்.

படி 5: உறவே இல்லாத சொற்களை விலக்குங்கள். அயர்ன், இல்னஸ் போன்றவற்றின் தொடக்க எழுத்துகளைப் பார்த்து முன்னொட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஐயம் இருந்தால் இணையத்தில் கிடைக்கும் சொற்பிறப்பு அகராதியைப் பாருங்கள். தமிழ்ப் பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தையே நான் முதலில் நாடுவேன்.

பின்சேர்க்கை: இதே முறையில் 'ஆன்டி' சொற்களைப் பிரிக்கப்போய்ச் சிக்கிக்கொண்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சிக்கல் தமிழ் எழுத்தில் இருக்கிறது. நாம் 'ஆன்டி' என்று ஒரே மாதிரி எழுதுவது ஆங்கிலத்தில் இரண்டு. ஐ எழுத்தில் முடிந்தால் 'எதிர்', ஆன்டிபயாடிக் போல. ஈ எழுத்தில் முடிந்தால் 'முன்'. கடிகாரத்தில் காணும் ஏ.எம். என்பதில் உள்ள ஏ இந்த இரண்டாவது ஆன்டிதான். 'நண்பகலுக்கு முன்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். நாம் சொல்லும் முற்பகலும் அதேதான். ஆகவே நோட்டில் முன்னொட்டுகளை மட்டும் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பொருளைத் தமிழில் எழுதுங்கள்.