ஜிப்சிக்கு 2 இன்ச் லிஃப்ட்: பட்டை மாற்றுவதும், மாற்றிய பின் வரும் தலைவலிகளும்

மாருதி ஜிப்சிக்கு நாலு பக்கமும் பட்டைதான். முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், அதன் அடியில் லீஃப் ஸ்பிரிங். நல்ல ஜாக்கியும் நாலு ஸ்டாண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். மாற்றிய மறுநாள்தான் வேலை ஆரம்பிக்கும்: வண்டி ஒரு பக்கம் சாயும், ஸ்டீயரிங் மிதக்கும், வேகத்தடையில் முதுகு உடையும். இவற்றில் பெரும்பாலானவை கிட்டின் குற்றமல்ல, மாட்டிய விதத்தின் குற்றம்.

இங்கே சொல்வது வண்டியை 50 மி.மீ. உயர்த்தும் லிஃப்டுக்கு மட்டும்: புதுப் பட்டை செட், அதற்கேற்ற நீளமான ஷாக் (ஷாக் அப்சார்பர்), 215/75 ஆர்15 டயர். பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி வைக்கும் வேலை வேறு. அதற்கு ஸ்டீயரிங் லிங்க் முதல் எல்லாம் மாறும். சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஃப்.சி.க்குப் போகும் நாளில் நினைவுக்கு வருவதைவிட இப்போதே வரட்டும்.

எந்தப் பட்டை?

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் குவாரிப் பாதை, திருமங்கலம் தாண்டினால் கரிசல், திண்டுக்கல் பக்கம் போனால் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவு. இந்த ஓட்டத்துக்குப் பட்டை எண்ணிக்கை குறைவான, ஒவ்வொன்றும் நீளமான, மென்மையான செட்டே சரி. "கூட ஒரு பட்டை போட்டுக்கோங்க சார், வண்டி தூக்கிடும்" என்ற யோசனை லோடு ஏற்றும் வண்டிக்குப் பொருந்தும். இரண்டு பேரும் ஒரு தண்ணீர் கேனும் மட்டும் போகிற ஜிப்சிக்குப் பொருந்தாது. பழைய பட்டையைப் பட்டறையில் அடித்து வளைத்து வாங்குவதும் வேண்டாம். சூடேற்றிப் பதப்படுத்தாமல் சுத்தியலில் மட்டும் வளைத்த பட்டை சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும்.

பட்டையின் ஒரு நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் தகடுதான் ஷாக்கில் (shackle), மேலே சொன்ன ஷாக் வேறு. பட்டையை மாற்றாமல் நீள ஷாக்கில் மட்டும் போட்டுத் தூக்குவது மலிவான வழி. கணக்கு இதுதான்: ஷாக்கில் 50 மி.மீ. நீண்டால் வண்டி 25 தான் ஏறும். ஜிப்சியின் முன் ஷாக்கில் பட்டையின் முன் நுனியில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் முன் நுனி தாழும், ஆக்சில் முன்னோக்கிச் சரியும், காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்னோக்கிய சாய்வு) குறையும். ஸ்டீயரிங் மிதப்பதற்கு இதுவே முதல் காரணம். முன்னால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

சமதளத்தில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயர் காற்று மாறினாலே அந்தக் கணக்கு மாறிவிடும். பெட்ரோல் அளவு, ஸ்டெப்னி, பின் சீட் எல்லாம் முன்பும் பின்பும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டுச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் விழும் உயரத்தையும் சாக்பீஸால் குறித்துவிடுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கருவிகள்

ட்ராலி ஜாக்கி ஒன்று, ஸ்டாண்டு நாலு. வெயில் காலத்தில் தார்த் தரையில் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். அடியில் தடித்த பலகை வையுங்கள். அரை இன்ச் சாக்கெட் செட், நீள பார், டார்க் ரெஞ்சு, சி கிளாம்ப், வயர் பிரஷ். ஓப்பன் ஸ்பேனரை மூட்டை கட்டி வையுங்கள், துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கத்தான் அது உதவும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை முதல் நாள் ராத்திரியே அடித்துவிடுங்கள். யூ-போல்டும் (பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் U வடிவ போல்ட்) நட்டும் புதிதாகவே வாங்க வேண்டும். ஒரு முறை இழுபட்ட யூ-போல்டை மறுபடி மாட்டுவது மிச்சம் பிடிக்கும் இடமல்ல.

கழற்றி மாட்டுதல்

பின்பக்கத்திலிருந்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கப் பட்டை ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் ஆக்சில் ஓடாது. முன் டயருக்குக் கட்டை போட்டு, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை மட்டும் ஜாக்கியில் தாங்குங்கள். ஷாக்கின் கீழ் முனை, அடுத்து யூ-போல்ட், அதன் பின் ஷாக்கில், கடைசியில் ஷாக்கில் இல்லாத நிலையான முனையின் போல்ட்.

அந்தக் கடைசி போல்ட்தான் சோதிக்கும். நட்டு வந்துவிடும், போல்ட் சுற்றும், ஆனால் வெளியே வராது. உள்ளே துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கும்போது கேஸ் வைத்துச் சூடு காட்டுவது வேண்டாம். பட்டைக் கண்ணுக்கும் (நுனியில் சுருட்டிய வளையம்) பிராக்கெட்டுக்கும் நடுவே ஹாக்ஸா பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். பட்டை எப்படியும் போகப்போகிறதுதான். புதுப் போல்டைக் கையில் வைத்துக்கொண்டு அறுங்கள்.

புதுப் பட்டையை மாட்டும் முன் தரையில் வைத்து, சென்டர் போல்டிலிருந்து (பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் போல்ட்) இரண்டு கண்ணுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் முன் பின் திருப்பி மாட்டும்போது ஆக்சில் அந்த வித்தியாசத்துக்கு நகர்ந்துவிடும். எந்தப் பக்கம் முன்னால் என்று பெயிண்டில் குறியுங்கள்.

சென்டர் போல்டின் தலை ஆக்சில் பேடில் இருக்கும் துளைக்குள் முழுதாக உட்கார வேண்டும். உள்ளூரில் செய்த பட்டைகளில் தலை சற்றுப் பெரிதாக இருக்கும், துளையில் இறங்காமல் விளிம்பில் ஏறி நிற்கும். யூ-போல்டை இறுக்கினால் உட்கார்ந்துவிட்ட மாதிரியே தோன்றும். நூறு கிலோமீட்டரில் ஆக்சில் ஒரு பக்கம் நழுவி, வண்டி நண்டு மாதிரி ஓடும். மாட்டுவதற்கு முன்பே போல்ட் தலையைத் துளையில் வைத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் லேத்தில் கொடுத்துக் கடையுங்கள்.

யூ-போல்டின் நாலு நட்டையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 60–80 நியூட்டன் மீட்டர் போதும். கிட் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். நாலிலும் நட்டுக்கு வெளியே தெரியும் மரை ஒரே நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

ஷாக்கில் போல்டையும் நிலையான முனைப் போல்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. கையால் சுற்றி நிற்கும் அளவு போதும்.

காரணம் பட்டைக் கண்ணுக்குள் இருக்கும் புஷ். ரப்பர் புஷ் இறுகிவிட்டால் போல்டில் வழுக்கிச் சுழலாது, ரப்பரே முறுக்கிக்கொள்ளும். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் எல்லா புஷ்ஷும் முறுக்கிக்கொண்டு வண்டியை மேலே தள்ளும். அளந்தால் 50 இருக்க வேண்டிய இடத்தில் 60, 65 காட்டும். "கிட் நல்லா தூக்குது" என்று சந்தோஷப்படுவீர்கள். நாலு மாதத்தில் ரப்பர் கிழியும், உயரம் இறங்கும், ஒரு பக்கம் முதலில் கிழிந்தால் வண்டி சாயும்.

சரியான முறை: நாலு வீலையும் மாட்டி, ஜாக்கி ஸ்டாண்டு எல்லாம் எடுத்து, தரையில் இறக்குங்கள். பம்பரில் ஏறி நின்று முன்னும் பின்னும் குலுக்குங்கள். பிறகு வண்டியை மூன்று மீட்டர் முன்னால் தள்ளி, மறுபடி பின்னால் கொண்டுவாருங்கள். ஜாக்கியிலிருந்து இறங்கும்போது டயர் தரையில் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும். உருட்டினால்தான் அது விடும். டயருக்குக் கட்டை போட்டுவிட்டு அடியில் படுத்து, அப்போது இறுக்குங்கள். பாலியூரித்தேன் புஷ் இந்த அளவுக்கு முறுக்கிக்கொள்ளாது, ஆனாலும் இதே வரிசையில் செய்யுங்கள்.

கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து பட்டையில் அடிப்பது நம்மூர் வழக்கம். கீச்சுச் சத்தம் அன்றைக்கு நிற்கும். பிறகு அதன்மேல் கரிசல் தூசி ஒட்டி, பட்டைகளுக்கு நடுவே உப்புத்தாள் வைத்த மாதிரி அரைக்கும். ரப்பர் புஷ்ஷும் ஊறி உப்பும். பட்டையைப் பிரித்து, வயர் பிரஷ் போட்டு, கிராஃபைட் தடவி மூடுவதே வேலை.

ஷாக் நீளம்

விளம்பரத்தில் "2 இன்ச் லிஃப்டுக்கு" என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒரு பக்க டயரை ஜாக்கியில் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடும் வரை ஏற்றி, ஷாக்கின் இரு முனைப் பிடிப்புகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். மறுபக்கம் முழுதாகத் தொங்கும்போது அதே அளவை எடுங்கள். முதல் அளவு 300 மி.மீ., இரண்டாவது 480 என்று வைத்துக்கொள்வோம்: ஷாக் மூடினால் 285-க்குள், விரித்தால் 490-க்கு மேல் இருக்க வேண்டும். மூடிய நீளம் அதிகமென்றால் பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் ஷாக்கே அடி வாங்கும், மேல் பிடிப்பு வெல்டிங் விட்டுப்போகும். அப்போது பம்ப் ஸ்டாப்பைக் கீழே நீட்ட வேண்டும்.

முழுதாகத் தொங்கும் இதே நிலையில் பிரேக் ஹோஸ், டிஃபரன்ஷியல் பிரீதர் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் மூன்றும் தளர்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்கம் ஸ்டீயரிங்கை இரு ஓரமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹோஸ் நேர்க் கோடாக நின்றால் நீள ஹோஸ் மாட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

பிரச்சினையும் காரணமும்

ஒரு பக்கச் சாய்வு: 10 மி.மீ. வரை கண்டுகொள்ளாதீர்கள். அதற்கு மேலென்றால் எல்லா ஷாக்கில் போல்டையும் தளர்த்தி, குலுக்கி, மறுபடி இறுக்குங்கள். போகவில்லையா? இடது வலது பட்டையை மாற்றிப் போடுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் பட்டை குற்றம், மாறாவிட்டால் சேஸிஸையோ பிராக்கெட்டையோ பாருங்கள்.

கடினமான ஓட்டம்: முதலில் ஷாக்கிலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அது பட்டையை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வளைவு அதிகமான புதுப் பட்டையில் கண்கள் நெருங்கி, ஷாக்கில் நேராக நின்றுவிடும் அல்லது உள்ளே சாயும். பட்டை நீள இடமில்லாமல் மாட்டிக்கொண்டு, வண்டி கட்டை வண்டியாகிவிடும். ஷாக்கில் சரியென்றால் பம்ப் ஸ்டாப் முகத்தில் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை ஒட்டிவிட்டு, மதுரை நத்தம் சாலையின் 7.3 கி.மீ. மேம்பாலத்தில் ஓட்டுங்கள். பாலத்தின் இணைப்புகளில் தடக் தடக்கென்று அடித்தும் உருண்டை அப்படியே இருந்தால் பட்டையோ ஷாக்கோ இறுக்கம். எந்த வேகத்தடையிலும் ஏற்றாமலே உருண்டை நசுங்கியிருந்தால் பட்டைக்கு மென்மை அதிகம்.

ஸ்டீயரிங் மிதப்பது, வளைவுக்குப் பின் தானாகத் திரும்பாதது: காஸ்டர் குறைவு. ஜிப்சியின் அசல் அளவு சுமார் மூன்றரை டிகிரி. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து மீட்கலாம். எந்தப் பக்கம் தடிமன் என்பதில்தான் குழப்பம். ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்கு அடியில் இருப்பதால் தடித்த பக்கம் வண்டியின் முன்னால் வர வேண்டும். ஆக்சிலின் முன் பகுதி ஏறி, மேல் முனை பின்னால் சாயும், காஸ்டர் கூடும். பட்டை மேலே இருக்கும் வண்டிகளுக்கான படத்தைப் பார்த்து வைத்தால் நேர்மாறாகி, மிதப்பு இரட்டிப்பாகும். 2 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். முன் டிஃபரன்ஷியலின் பினியன் (புரபெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) கீழே குனிந்து, ஃபோர் வீலில் புரபெல்லர் ஷாஃப்ட் முனகும். தகடு இரும்பாக இருக்கட்டும், அலுமினியம் நசுங்கும். சென்டர் போல்டும் அதற்கேற்ற நீளம் வேண்டும்.

50–70 வேகத்தில் ஸ்டீயரிங் உதறல்: வீல் பேலன்ஸ், டை ராட் எண்டு, கிங் பின் பேரிங், பிறகு காஸ்டர், இந்த வரிசையில் பாருங்கள். ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டுவது காய்ச்சலுக்கு ஈரத்துணி.

நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்பது: லிஃப்டில் டிராக் லிங்கின் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வீல் பக்கம் போகும் கம்பி) சாய்வு கூடியதால் வருவது. டிராக் லிங்கை நீட்டிக் குறுக்கிச் சரிசெய்யுங்கள். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டினால் பாக்ஸின் நடு இடம் தவறிப்போகும்.

பிறகு சேர்த்தது: "யூ-போல்ட் மறுபடி இறுக்கணுமா?" என்று பலர் கேட்டார்கள். ஆமாம். 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 500-ல் ஒரு முறை. பெயிண்ட் பூசிய பட்டை என்றால் பெயிண்ட் நசுங்கியே நட்டு தளரும். ஒவ்வொரு நட்டிலும் பிளேட்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டால், குனிந்து பார்த்தாலே நகர்ந்தது தெரியும். எல்லாம் முடிந்த பிறகு சாயங்காலம் வண்டியை அதே சுவர் முன் அதே தூரத்தில் நிறுத்தி, ஹெட்லைட்டைச் சாக்பீஸ் கோட்டுக்கு இறக்குங்கள்.