'ரன்'னா ஓடுறது மட்டும்தானா? அர்த்தம் பிடிக்கிறது எப்படி

ஆபீஸ்ல சேர்ந்த புதுசுல கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் "ஐ ரேன் இன்ட்டு அவர் மேனேஜர்"னு மெசேஜ் போட்டிருந்தார், நான் பதறிப்போய் "அடி ஏதும் படலையே அண்ணே?"ன்னு திருப்பிக் கேட்டுட்டேன். அவர் சொன்னது வழியில தற்செயலா மேனேஜரைப் பாத்தேன்னு, அவ்ளோதான். அப்புறம் ஒரு மாசம் என்னை எங்க பாத்தாலும் "அடி படலப்பா"ன்னுட்டுதான் போவார்.

ஆனா இதுல ரொம்ப வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய அகராதிக்காக 'ரன்'ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டுமே 645 அர்த்தம் பிரிச்சிருக்காங்க, அதைச் செஞ்ச பீட்டர் கில்லிவர்ங்கிறவருக்கு 9 மாசம் ஆச்சாம். அதுக்கு முன்னாடி, 1989-ல வந்த ரெண்டாம் பதிப்புல 'செட்'தான் பெரிய ஆளு. 645-ஐயும் உருப்போட்டா மண்டை காஞ்சுடும், அதனால நான் பண்றதைச் சொல்றேன்.

முதல்ல நம்ம 'ஓடு'வை வெச்சுப் பாருங்க, பாதி அங்கயே முடிஞ்சிரும். மெஷின் ஓடுது, படம் நல்லா ஓடுது, பஸ் ஓடுது, சுவத்துல விரிசல் ஓடியிருக்கு, மனசுல ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு, இது எல்லாத்துக்கும் இங்கிலீஷ்லயும் ரன்தான். நிக்காம ஒரு போக்கு இருக்கிற எதுவும் அவனுக்கும் ஓடுது, நமக்கும் ஓடுது.

அடுத்தது பின்னாடி செயப்படுபொருள் இருக்கான்னு பாக்கணும், இதுதான் முக்கியம். தமிழ்ல ஓடுன்னு ஒண்ணு, ஓட்டுன்னு ஒண்ணு, தனித்தனியா இருக்கு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ரன். "த மோட்டார் ரன்ஸ்"னா மோட்டார் ஓடுது, "ஷி ரன்ஸ் த மோட்டார்"னா அந்தம்மா ஓட்டுறாங்க. அதே "ஷி ரன்ஸ் எ ஸ்கூல்"னு வந்தா ஓட்டுறாங்கன்னு சொன்னா ஏதோ தள்ளாடிக்கிட்டு காலம் தள்ளுற மாதிரி ஆயிடும், நடத்துறாங்கன்னுதான் சொல்லணும். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அவன் ஓட விடுறதை நாம நடக்க விடுறோம்! எலெக்‌ஷன்லயும் அப்படித்தான், அமெரிக்காக்காரன் 'ரன்' பண்ணுவான், பிரிட்டிஷ்காரன் 'ஸ்டாண்ட்' பண்ணுவான், நாமளும் நிக்கத்தான் செய்றோம்.

சில இடத்துல இந்த ஓட்டு, நடத்து எதுவும் செல்லாது. "ரன்னிங் எ ஃபீவர்"னா காய்ச்சல் அடிக்குது. மூக்கு 'ரன்' ஆனா ஒழுகுது. "ரன்னிங் லேட்"னா லேட்டாயிட்டிருக்கு, அப்படிச் சொல்றவர் பெரும்பாலும் ஓடவே மாட்டார், அது வேற கதை.

மூணாவது, ரன்னுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற குட்டி வார்த்தை. நான் வழுக்கி விழுந்தது இங்கதான். 'ரன் இன்ட்டு'ன்னா ஆளா இருந்தா பெரும்பாலும் தற்செயலா பாக்குறது, சுவரா இருந்தா மோதுறது, பிரச்சனையா இருந்தா மாட்டிக்கிறது. 'ரன் அவுட் ஆஃப்'னா தீந்து போச்சு, டைமோ பேப்பரோ பொறுமையோ, எதுவா இருந்தாலும் சரி, கிரிக்கெட் ரன் அவுட்டை இதுக்குள்ள இழுக்காதீங்க. மீட்டிங் 'ரன் ஓவர்' ஆனா சொன்ன நேரத்தைத் தாண்டிருச்சு, ஆள் மேல கார் 'ரன் ஓவர்' ஆனா ஏறிருச்சு. 'ரன் டவுன்' ஒண்ணு போதும் தலை சுத்த: பேட்டரின்னா சார்ஜ் இறங்கிருச்சு, கட்டடம்னா பாழடைஞ்சிருக்கு, "ஐ ஃபீல் ரன் டவுன்"னா உடம்பு அசந்து போச்சு, "ஹி ரன்ஸ் மீ டவுன்"னா என்னை மட்டம் தட்டிப் பேசுறான். "ரன் இட் பை மீ"ன்னு மேலதிகாரி சொன்னா ஃபைலைத் தூக்கிட்டு ஓட வேணாம், செய்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னு அர்த்தம்.

மரபுத்தொடரை வார்த்தை வார்த்தையா பிரிக்கவே கூடாது, அதே இடத்துல நம்ம வீட்டுப் பெரியவங்க என்ன சொல்லுவாங்கன்னு யோசிங்க. "இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி"ன்னா வம்சத்துலயே இருக்கு. "இன் த லாங் ரன்"னா போகப் போக. "ஆன் த ரன்"னா தலைமறைவு. 'ரன் ஆஃப் த மில்'னா மில்லுல இருந்து தரம் பிரிக்காம வந்த சரக்கு, அதாவது சுமார் ரகம். "ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்"புக்கு நிறைகுடம் தளும்பாதுன்னு நிறைய பேர் போடுறாங்க, எனக்கு அது சரியாப் படல, ஏன்னா அந்த இங்கிலீஷ் பழமொழியில அமைதிக்குள்ள ஏதோ ஒளிஞ்சிருக்குங்கிற சந்தேகமும் இருக்கு, 'ஊமை ஊரைக் கெடுக்கும்'ங்கிற பக்கம் கொஞ்சம் சாயும். ஆனா முயலோட ஓடிக்கிட்டே வேட்டை நாயோடயும் சேர்ந்துக்கிறது, "ரன் வித் த ஹேர் அண்ட் ஹன்ட் வித் த ஹவுண்ட்ஸ்", இதுக்கு நம்மகிட்ட அச்சு அசலா ஒண்ணு இருக்கு, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற விலாங்கு. எனக்கென்னவோ விலாங்குதான் ஒரு படி மேல.

கடைசியா எழுதுறப்ப பாத்துக்க வேண்டியது, ரன், ரேன், மறுபடி ரன். நேத்து நடந்ததுக்கு "ஐ ரேன்", ஆனா 'ஹேவ்' வந்துட்டா "ஐ ஹேவ் ரன்"தான். "ஐ ஹேவ் ரேன்"னு எழுதாதீங்க, நான் ஒரு பெரிய மெயில்ல எழுதி அனுப்பிட்டேன், அடி படலையான்னு கேட்டேனே, அதே அண்ணன்தான் அதையும் கண்டுபிடிச்சார்.