ஐந்து பேர், ஒரே கோப்பு: குழு ஆய்வறிக்கையைச் சேர்ந்து எழுதுவது எப்படி?

மாலை வகுப்பு முடிந்ததும் ஒருவர் பென்னாகரம் பஸ் ஏறுவார், இன்னொருவர் அரூர் பஸ். தர்மபுரியில் கல்லூரிக் குழுக்கள் அத்தோடு கலைந்துவிடும். பிறகு ஆளுக்கு நான்கு பக்கம் வாட்ஸ்அப்பில் வரும். யாரோ ஒருவர் விடிய விடிய உட்கார்ந்து ஒட்டுவார். முழு அறிக்கையையும் படித்தவர் அவர் மட்டும்தான். அதைச் சேர்ந்து கற்பது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கூகுள் டாக்ஸ் என்ற எழுதும் செயலியில் ஒரே கோப்பை எல்லோரும் எழுதிப் பாருங்கள். கைபேசியும் ஜிமெயில் கணக்கும் போதும், கட்டணம் இல்லை. நம் மாவட்டத்தின் பழைய கவலையான நிலத்தடி நீர் ஃபுளோரைடையே தலைப்பாக வைத்துக்கொள்வோம்.

படி 1: ஒருவர் மட்டும் செயலியில் கூட்டல் குறியைத் தொட்டுக் கோப்பைத் தொடங்கட்டும். உள்தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பொறுப்பாளர் பெயரைப் போடுங்கள்.

படி 2: 'ஷேர்' பகுதியில் நண்பர்களின் மின்னஞ்சலைச் சேர்த்து, கோப்பில் எழுதவும் திருத்தவும் 'எடிட்டர்' உரிமை கொடுங்கள். ஆசிரியருக்குக் கருத்து மட்டும் எழுதும் 'கமென்டர்' உரிமை போதும்.

படி 3: இதுதான் உயிரான படி. அடுத்தவர் எழுதியதை அழிக்காதீர்கள். சந்தேகமான இடத்தைத் தேர்ந்தெடுத்துக் 'கமென்ட்' வழியாகக் கேளுங்கள். ஒரு கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 15 மில்லிகிராம் என்று நண்பர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். "15ஆ, 1.5ஆ?" என்று கேட்க நீங்கள் அந்த அளவைத் தெரிந்திருக்க வேண்டும். பதில் சொல்ல அவர் ஆய்வகக் குறிப்பேட்டைத் திரும்பப் புரட்ட வேண்டும். அந்த ஒரு புள்ளியால் இருவருமே பாடத்துக்குள் போய்விடுகிறீர்கள்.

படி 4: கணினியில் 'ஃபைல்' பட்டியலில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' இருக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று எடிட்டர் உரிமை உள்ளவர்களுக்குக் காட்டும்; ஆசிரியருக்கு நீங்கள் திறந்து காட்டலாம். தவறி அழிந்ததையும் மீட்கலாம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுதிய வரிகளை மட்டும் எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். நல்ல கேள்வி கேட்டவருக்கும் அதில் பங்கு உண்டு.

படி 5: சித்தேரி மலைப்பக்கம் போகிறவர்கள், சிக்னல் இருக்கும்போதே கோப்பை 'ஆஃப்லைன்' வசதியில் வைத்துவிடுங்கள். இணைப்பு திரும்பியதும் எழுதியவை தானாகச் சேரும். ஆனால் ஆஃப்லைனில் உங்கள் பகுதியை மட்டும் தொடுங்கள். ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் சேரும்போது குழம்பிவிடும்.